முகூர்த்த விளக்கின் ஒளியும் விரைவு வண்ணப் பிலிமும்

கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி, நாராயணவனம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வட்டாரம் 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபின் மாநில எல்லையே இதன் அருகில் வந்து நின்றது. ஆகவே தெலுங்கு வழக்கும் தமிழ் வழக்கும் ஒரே தெருவின் அடுத்தடுத்த வீடுகளில் நிலவுகின்றன. திருமண முகூர்த்தங்களும் அதற்கேற்ப இரு வேறு பொழுதுகளில் அமைகின்றன. தெலுங்குக் குடும்பங்களில் பல இரவு முகூர்த்தத்தைத் தயக்கமின்றி ஏற்கின்றன. தமிழ்க் குடும்பங்களோ பெரும்பாலும் வைகறையையும் காலையையும் நாடுகின்றன. முன்னதில் கதிரவன் மறைந்து வெகுநேரமாகியிருக்கும், பின்னதில், வைகறையாயின், இன்னும் எழுந்திருக்கமாட்டான். ஒளிப்படக் கலைஞருக்கு இரண்டிலும் வாய்ப்பவை குத்துவிளக்கின் சுடர், ஓமத்தீ, பந்தலில் தொங்கும் குண்டுபல்புகள், குழல்விளக்குகள் ஆகியவையே. அத்தகைய குறைந்த ஒளியில் மணவிழாவைப் பதிவுசெய்வதற்கு எவ்வகை வண்ணப் பிலிம் பொருந்தும், அதை எவ்வாறு கையாளுதல் தகும் என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

பிலிமின் வேகம் என்பது ஒளிக்கு அது எவ்வளவு எளிதில் இணங்குகிறது என்பதன் அளவு. அமெரிக்க ஏஎஸ்ஏ அளவையும் ஜெர்மானிய டிஐஎன் அளவையும் இணைத்துப் பின்னர் வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ அளவையில், எண் இரட்டிக்குந்தோறும் பிலிமுக்குத் தேவையான ஒளி பாதியாகக் குறைகிறது. இந்த இரட்டிப்பையோ பாதியாக்கத்தையோ ஒளிப்படத் துறையினர் ஒரு 'ஸ்டாப்' என்பர். இரவில் நன்கு விளக்கேற்றிய ஒரு வீட்டுக்கூடத்தில், 100 வேகப் பிலிமும் எஃப்/2 அளவுக்குத் திறந்த லென்சும் கொண்ட கேமராவுக்கு ஏறத்தாழ 1/8 நொடி ஒளி தேவைப்படும். கையில் பிடித்த கேமராவில் அந்த நேரத்திற்குள் கையும் அசையும், மணமக்களும் அசைவர். 400 வேகத்தில் அது 1/30 நொடியாகவும், 800இல் 1/60 ஆகவும், 1600இல் 1/125 ஆகவும் சுருங்கும். விளக்குச் சுடரால் மட்டும் ஒளிபெறும் முகத்திற்கு இன்னும் ஒரு ஸ்டாப் கூடுதலாக வேண்டும். அங்கே 800 வேகப் பிலிமும் 1/30 நொடியையே தரும். விரைவுப் பிலிம் இங்கு ஆடம்பரப் பொருளன்று என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று.

பிலிமின் வேகத்தைக் கூட்டாமல் லென்சின் துளையை மட்டும் பெரிதாக்கினால் ஆகாதா என்ற கேள்வி இயல்பாக எழும். 1975இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' திரைப்படத்தில் மெழுகுவத்தி ஒளியில் மட்டுமே எடுத்த காட்சிகளுக்கு அவர் நாடிய வழி அதுவே. அக்காலத்துத் திரைப்பட நெகட்டிவின் வேகம் 100 மட்டுமே. அதை ஒரு ஸ்டாப் உயர்த்திக் கழுவிய பின்னும் ஒளி போதாததால், நாசா நிறுவனத்திற்கெனச் சைஸ் (Zeiss) நிறுவனம் செய்த எஃப்/0.7 லென்ஸ் பயன்படுத்தப்பட்டது. திரைப்பட நடிகரை ஓரிடத்தில் அசையாமல் அமர்த்தலாம். மணப்பந்தலில் அது இயலாது. 50 மி.மீ. லென்சை எஃப்/1.4 அளவுக்குத் திறந்து இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து படமெடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 13 செ.மீ. மட்டுமே, எஃப்/2இல் அது 19 செ.மீ. ஆகும். மணமகன் குனிந்து தாலி முடியும்போது அவன் முகமும் மணமகளின் முகமும் ஒரே தளத்தில் இராமையால், ஒன்று தெளிந்து மற்றொன்று மங்கும். பின்னால் நின்று மூன்றாம் முடிச்சைப் போடும் நாத்தனாரின் முகமோ அடையாளமே தெரியாமல் கலங்கிவிடும். ஆகவே எஃப்/2.8 அளவுக்கேனும் துளையைக் குறுக்கவேண்டியிருக்கிறது. அதனால் இழக்கும் ஒளியைப் பிலிமின் வேகத்தாலேயே ஈடுசெய்ய முடியும்.

வேகத்திற்குக் கொடுக்கும் விலை துகள்களில் தெரிகிறது. பிலிமின் மேற்பூச்சில் ஜெலட்டினுக்குள் பதிந்திருக்கும் வெள்ளி ஹாலைடு படிகங்களே ஒளியை ஏற்கின்றன. படிகம் பெரிதாயின் அதன்மேல் விழும் ஒளியும் மிகுதியாதலால் அது விரைவில் வினைபுரியும். ஆனால் கழுவியபின் அதே படிகம் இருந்த இடத்தில் பெரிய வண்ணப் புள்ளி உருவாவதால், படம் பெரிதாக்கப்படும்போது மணல் தூவியது போன்ற தோற்றம் எழுகிறது. ஸ்டுடியோக்காரர்கள் 'கிரெயின்' என்பது இதைத்தான். உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் உற்பத்தி செய்த 'இந்து' கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு இத்துகள் புதிதன்று. எனினும் கறுப்பு வெள்ளையில் அழகாகத் தோன்றும் துகள், வண்ணத்தில், அதிலும் முகத்தின் நிழற்பகுதியில், அழுக்காகத் தெரியும்.

இந்த இடர்ப்பாட்டைத் தொழில்நுட்பம் படிப்படியாகக் கடந்தது. 1976இல் ஃபூஜி நிறுவனத்தின் எஃப்-2 400 வெளிவரும்வரை வண்ண நெகட்டிவ் பிலிமில் 400 என்ற வேகமே இல்லை. அடுத்த ஆண்டில் கோடாக்கலர் 400 வந்தது. 1983இல் கோடாக் வெளியிட்ட கோடாக்கலர் விஆர் 1000 பிலிமில், கூழாங்கல் போன்று திரண்ட படிகங்களுக்குப் பதிலாகத் தட்டையான பலகைபோன்ற படிகங்கள் இடம்பெற்றன. குறைந்த வெள்ளியைக் கொண்டே பரந்த பரப்பில் ஒளியைத் தாங்கும் இவ்வமைப்பைக் கோடாக் 'டி-கிரெயின்' என்றது. 1987இல் கோனிகா 3200 வேகப் பிலிமையும் வெளியிட்டது. எனினும் மணவிழாவுக்கு உண்மையில் பயன்பட்டது 1998இல் அறிமுகமான கோடாக்கின் போர்ட்ரா வரிசையும் அதற்கு இணையான ஃபூஜியின் 400, 800 வேகத் தொழில்முறைப் பிலிம்களுமே. தோலின் நிறத்தை மென்மையாகக் காட்டுதல், நிழலில் விவரம் காத்தல் என்ற இரண்டையும் நோக்கி அவை வடிவமைக்கப்பட்டிருந்தன. எண்ணில் 3200 பெரிதாயினும், மேக்ஸி எனப்படும் நான்குக்கு ஆறு அங்குலப் பிரிண்டைத் தாண்டிப் பெரிதாக்கும்போது அதன் துகள் முகத்தையே மறைத்துவிடும் என்பதால், திருமண ஆல்பத்திற்கு அதைத் தேர்வது பொருந்தாது என்பதே இவ்வுரையின் துணிபு.

ஃப்ளாஷ் இருக்க இவ்வளவு கவலை எதற்கு என்பார் உளர். ஃப்ளாஷின் ஒளி தொலைவின் இருமடிக்கேற்பக் குறைவது: இரண்டு மீட்டரில் நிற்கும் மணமகளுக்குக் கிடைக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்கே நான்கு மீட்டரில் நிற்கும் தாய்மாமனுக்கும், பதினாறில் ஒரு பங்கே எட்டு மீட்டரில் அமர்ந்திருக்கும் நாதசுர, தவில் கலைஞர்களுக்கும் எட்டும். இதனால் பழைய ஆல்பங்கள் பலவற்றில் வெளுத்த முகங்களுக்குப் பின்னால் கரிய வெற்றிடமே காணப்படுகிறது. வாழைமரமும் தோரணமும் திரண்டிருந்த உறவினரும் அந்த இருளில் அமிழ்ந்துபோயினர். ஓமப்புகை எழும்போது இடர் இன்னும் கூடுகிறது. கேமராவின் தலைமீதிருந்து பாயும் ஒளி புகையில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெண்திரையை விரிக்கிறது. அதே புகை பக்கவாட்டிலிருந்து வரும் விளக்கொளியில் கண்ணுக்கினிய கதிர்களாகத் தெரியும்.

ஒளிக்குத் திசை உண்டு என்பதை இவ்வட்டாரத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மூன்று நாட்கள் மாலைக் கதிர் கருவறைக்குள் புகுந்து மூலவரின் பாதத்திலும் இடைப்பகுதியிலும் முடியிலும் முறையே படிவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவருபவர்கள் அவர்கள். கீழிருந்து எழும் ஓமத்தீயின் ஒளி மணமக்களின் தாடையையும் கன்னத்தையும் வருடிச் செல்வதும் அத்தகைய திசையுடைய ஒளியே. கேமராவிலிருந்து நேராகப் பாயும் ஃப்ளாஷ் அத்திசையை முற்றாக அழிக்கிறது. விரைவுப் பிலிமைத் தேர்வதன் உண்மையான காரணம் இங்கேதான் உள்ளது: இருளை வெல்வதற்காக அன்று, அந்த இடத்திற்கே உரிய ஒளியை அதன் திசையோடும் நிறத்தோடும் காப்பதற்காகவே அது வேண்டப்படுகிறது.

இதனால் ஃப்ளாஷை அறவே விலக்கவேண்டும் என்று பொருளன்று. தெலுங்கு முறை மணத்தில், மணமக்களுக்கிடையே பிடித்திருக்கும் திரை நீங்கும் வேளையில் இருவரும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் அரைத்த கலவையை வைக்கும் 'ஜீலகர்ர பெல்லம்' சடங்கே முகூர்த்தத்தின் உச்சம். அக்கணத்தில் நாற்புறமிருந்தும் அட்சதை பொழியும், உறவினரின் கைகள் குறுக்கே நீளும், மீண்டும் ஒருமுறை செய்யுமாறு எவரையும் வேண்டவும் முடியாது. பேட்டரி தளர்ந்த ஃப்ளாஷ் அடுத்த வெட்டுக்கு மின்னேற்றம் பெறப் பல நொடிகள் ஆகுமாதலால் அதை மட்டும் நம்பியவர் அக்கணத்தை இழப்பர். 800 வேகப் பிலிமோடு, ஷட்டரை 1/30 அளவில் வைத்துப் பந்தலின் ஒளியைப் பதியவிட்டு, ஃப்ளாஷைக் குறைந்த வலுவில் முகத்துக்கு மட்டும் துணையாக வெட்டினால், பின்புறமும் துலங்கும், காற்றில் பறக்கும் அரிசியும் உறைந்து தெரியும். வலு குறைவாதலால் ஃப்ளாஷும் உடனுக்குடன் ஆயத்தமாகும்.

வேகத்தினும் நுட்பமானது நிறம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற வெப்ப அலகால் அளப்பர்: நண்பகல் ஒளி ஏறத்தாழ 5500 கெல்வின், வீடியோக்காரர்கள் உயர்த்திப் பிடிக்கும் ஹாலஜன் விளக்கு 3200, வீட்டுக் குண்டுபல்பு 2800ஐ ஒட்டியது, எண்ணெய் விளக்கின் சுடர் 2000ஐ ஒட்டியது. எண் குறையக்குறைய ஒளி செம்மஞ்சளை நோக்கிச் செல்லும். ஊர்ப்புறத்தில் மாலையில் மின்னழுத்தம் தாழும்போது குண்டுபல்பின் இழை வெப்பம் குறைந்து இன்னும் சிவக்கும். சந்தையில் கிடைக்கும் வண்ண நெகட்டிவ் பிலிம்கள் பெரும்பாலும் பகலொளிக்கெனச் சமன்செய்யப்பட்டவை. அவை குண்டுபல்பு வெளிச்சத்தில் யாவற்றையும் செம்மஞ்சளில் தோய்த்துக் காட்டும்.

இதை லேபில் பிரிண்ட் போடும்போது திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. வண்ண நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளுக்கென மூன்று அடுக்குகள் உள்ளன. குண்டுபல்பின் ஒளியில் நீலம் மிகக் குறைவாதலால், சிவப்பு அடுக்கு நிறைவாகப் பதிவாகும் அதே நேரத்தில் நீல அடுக்கு பட்டினி கிடக்கிறது. முகத்தின் நிழற்பகுதியில் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைப்பதில்லை. லேபில் வெளிச்சப் பகுதிகளின் செம்மஞ்சளை நீக்கச் சமன்செய்யும்போது, பதிவே இல்லாத நிழல்கள் நீலம் பாரித்துக் கலங்குகின்றன. பதியாததை எந்தத் திருத்தமும் மீட்காது. எனவே பகலொளிப் பிலிமைக் குண்டுபல்பின் கீழ்ப் பயன்படுத்துவோர், நீல அடுக்குக்கும் அதன் பங்கு கிடைக்குமாறு ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளியைத் தரவேண்டும். 80ஏ என்ற நீல வடிகட்டியை லென்சின் முன் பொருத்தினால் நிறம் சீராகும். ஆனால் அது இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்குவதால் 800 வேகப் பிலிம் 200 வேகப் பிலிமாகிவிடும்.

இச்சிக்கலுக்கு மாற்றாக இன்று கிடைப்பது சினிஸ்டில் 800டி. இது 3200 கெல்வின் ஒளிக்கெனச் சமன்செய்த கோடாக்கின் திரைப்பட நெகட்டிவை, அதன் முதுகிலுள்ள கரிப்பூச்சை நீக்கிச் சாதாரண லேபில் கழுவத்தக்கதாக ஆக்கியது. ஹாலஜன், குண்டுபல்பு வெளிச்சங்களில் வடிகட்டி இன்றியே நல்ல நிறம் தரும். ஆனால் நீக்கப்பட்ட அக்கரிப்பூச்சின் பணிகளுள் ஒன்று, பிலிமை ஊடுருவும் மிகு ஒளி திரும்பிச் சிதறாமல் தடுப்பது. அது இல்லாமையால் சட்டகத்திற்குள் வரும் ஒவ்வொரு விளக்கையும் சுற்றிச் செந்நிற வட்டம் தோன்றும். ஒற்றைக் குத்துவிளக்குக்கு அது ஒளிவளையமாக அழகு சேர்க்கலாம். சீரியல் பல்புகள் நிறைந்த பந்தலில் படம் முழுவதும் செம்புள்ளிகள் படரும். குழல்விளக்கின் பச்சைச் சாயல் தனிச் சிக்கல். அங்கே பகலொளிப் பிலிமும் இளஞ்சிவப்புச் சாயலுடைய வடிகட்டியுமே தக்கவை.

மஞ்சள் பூசிய மணமகளின் முகம் இவ்வளவிலும் தனிக் கவனம் வேண்டுவது. அம்முகத்தில் உள்ள மஞ்சள் எது, விளக்கினால் வந்த மஞ்சள் எது என்று லேபில் இருப்பவர் அறிய வழியில்லை. அவர் விளக்கின் மஞ்சளை நீக்கும்போது நலங்கு மஞ்சளும் சேர்ந்தே போய்விடுகிறது. இயந்திரம் தானே பிரிண்ட் போட்டால் இன்னொரு பிழையும் நேரும். ஒரு சட்டகத்திலுள்ள எல்லா நிறங்களும் கலந்தால் சாம்பல் நிறமே வரும் என்ற கணிப்பில் அது இயங்குவதால், அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை படத்தின் பெரும்பகுதியை நிறைக்கும்போது அச்சிவப்பைப் பிழையெனக் கொண்டு எதிர்நிறத்தைக் கூட்டுகிறது. புடவை மங்கி முகம் பச்சை பாரிக்கிறது. ஆதலால் சடங்கு தொடங்குமுன், அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளை வேட்டியையோ சாம்பல்நிற அட்டையையோ முதல் சட்டகத்தில் எடுத்துவைத்து, அதற்கேற்ப அந்த ரோல் முழுவதையும் பிரிண்ட் போடுமாறு லேபில் கேட்டுக்கொள்வது மிகுந்த பயன் தரும். ஒரு சட்டகம் வீணாகிறதே என்று வருந்துவது தேவையற்றது.

தோலின் நிறமும் பிலிமின் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தவை. லேபுகளில் நிறச் சமன்பாட்டைச் சரிபார்க்கக் கோடாக் வழங்கிய 'ஷெர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைத் தோலுடைய பெண்ணின் உருவமே இருந்தது. பல நிறத்தோரையும் சேர்த்த அட்டைகள் 1990களில்தான் வந்தன. மாநிறமும் கருநிறமும் இயல்பாக உள்ள இம்மண்ணின் முகங்கள், ஒளி சற்றே குறைந்தாலும், பிலிம் நன்கு பதியவியலாத நிழல் எல்லைக்குள் விழுந்துவிடுகின்றன. ஒளிமானியும் இதற்கு உடந்தையாகிறது: எதிரிலுள்ளது நடுத்தரச் சாம்பல் என்று கொண்டே அது அளப்பதால், வெண்பட்டு வேட்டியையும் பந்தலின் வெள்ளைத் துணியையும் கண்டு ஒளி மிகுதி என்று கருதி, தேவையினும் குறைவான ஒளியைப் பரிந்துரைக்கிறது, அதனால் மணமகனின் முகம் இருள்கிறது. முகத்தின் மீது படும் அதே ஒளியில் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்வது எளியதும் நம்பத்தக்கதுமான முறை.

வண்ண நெகட்டிவ் மிகுதியைப் பொறுக்கும், குறைவைப் பொறுக்காது. இரண்டு மூன்று ஸ்டாப் கூடினும் நல்ல பிரிண்ட் கிடைக்கும். ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல்கள் சேறாகித் துகள் பெருகும். ஆதலால் பெட்டியின்மேல் அச்சிட்ட 800 என்ற எண்ணை அப்படியே நம்பாமல், ஒளிமானியை 400இல் வைத்து அளப்பதும், 400 வேகப் பிலிமை 200 எனக் கொள்வதும் அனுபவமுடையோர் வழக்கம். இவ்வாறு பயன்படுத்திய 800 வேகப் பிலிம், ஒளி குறைவாகப் பெற்ற 400 வேகப் பிலிமைவிடத் துகள் குறைவாகத் தோன்றும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது, வைகறை முகூர்த்தத்திற்கு 400 வேகப் பிலிமே ஏற்றது. தாலி கட்டும் வேளையில் விளக்கை நம்பியிருந்தாலும், மணமக்கள் பந்தலின் வாயிலுக்கு வருவதற்குள் விடிந்துவிடும், அதே ரோல் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். இரவு முகூர்த்தத்திற்கு போர்ட்ரா 800 போன்ற பிலிமே தகும். ஒரு கேமராவில் பகலொளிப் பிலிமும் மற்றொன்றில் 800டியும் ஏற்றிக்கொள்வது, இரண்டு கேமரா உடையவருக்குச் சிறந்த ஏற்பாடு. 1600 வேகப் பிலிம்கள் சந்தையிலிருந்து மறைந்துவிட்ட நிலையில், 800க்கும் மேல் வேகம் தேவைப்படுவோர் 'புஷ்' எனப்படும் கூடுதல் கழுவல் முறையை நாடுவர். சி-41 என்ற பொது முறையில் பிலிம் 37.8 பாகை செல்சியஸ் வெப்பமுடைய கரைசலில் 3 நிமிடம் 15 நொடி இருக்கவேண்டும். அதை அரை நிமிடம் அளவுக்கு நீட்டினால் ஒரு ஸ்டாப் கூடியது போன்ற பயன் கிட்டும். ஆனால் வெளிச்சப் பகுதிகளே அடர்கின்றன, நிழலில் பதியாதது பதியாததாகவே இருக்கிறது. கூறைப்புடவையின் சரிகை வெளுத்து, கருங்கூந்தலும் நிழலும் ஒன்றாகின்றன. புஷ் செய்யவேண்டிய ரோலின் மேல் அதைத் தெளிவாக எழுதிக் கொடுக்காவிட்டால், லேபில் அது மற்ற ரோல்களோடு சேர்ந்து கழுவப்பட்டுவிடும்.

விரைவுப் பிலிம் வெப்பத்திற்கும் விரைந்து இணங்குவது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களின்போது சித்தூர்ப் பகுதியில் வெயில் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. மூடிய காருக்குள்ளோ ஸ்கூட்டரின் பெட்டிக்குள்ளோ கிடந்த ரோலில் படிகங்கள் ஒளியின்றியே வினைபுரிந்து, நெகட்டிவ் முழுவதும் மெல்லிய மூட்டம் படரும், முதலில் கெடுவது நிழற்பகுதியே. 100 வேகப் பிலிம் தாங்கும் கோடையை 800 வேகப் பிலிம் தாங்காது. குளிர்பெட்டியில் வைத்த ரோலை எடுத்தவுடன் பிரித்தால் ஈரம் படியுமாதலால், முகூர்த்தத்திற்கு இரண்டு மணிநேரம் முன்னரே வெளியில் எடுத்து டப்பா மூடியபடியே வைத்திருந்து, பின்னர் கேமராவில் ஏற்றுதல் வேண்டும். எடுத்து முடித்த ரோலின் உருவங்கள் கழுவும்வரை சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே இருப்பதால், மறுவீட்டுப் படங்களையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று வாரக்கணக்கில் வைத்திராமல், இரவு முகூர்த்தத்தில் எடுத்தவற்றை அடுத்த நாளே லேபுக்கு அனுப்பிவிட வேண்டும்.